டைபோல் ஆண்டெனாவும் புதுச்சேரியும்

டைபோல் ஆண்டெனா என்பது நடுவில் பிரித்து, இரு பாதிகளாக நேர்கோட்டில் கட்டப்படும் கம்பி. ஒவ்வொரு பாதியும் பயன்படுத்தும் அலையின் நீளத்தில் ஏறக்குறைய கால் பங்கு இருக்கும். இரண்டும் சேர்ந்தால் அரை அலைநீளம். நடுவில் இணைக்கப்படும் கேபிள் வழியாக வானொலிக் கருவியின் ஆற்றல் கம்பிக்கு வந்து, அங்கிருந்து அலையாகப் பரவுகிறது. தமிழில் இதனை இருமுனை அலைக்கம்பி என்றும் கூறுவர். வணிக நோக்கமின்றி, அரசின் உரிமம் பெற்று, தாமே நிலையம் அமைத்துப் பேசும் ஹாம் வானொலி அன்பர்களிடையே மிகுதியாகப் புழங்கும் ஆண்டெனாக்களில் இது ஒன்று.

இதன் அமைப்பு மிக எளிது. ஆனால் கணக்குப் போட்டு வெட்டிய கம்பி, கட்டியவுடன் சரியாக வேலை செய்துவிடும் என்று சொல்ல முடியாது. கட்டப்படும் உயரம், கீழே உள்ள கூரை, அருகிலுள்ள இரும்பு, கம்பியின் மேலுறை ஆகிய எல்லாம் அதன் ஒத்திசைவை மாற்றுகின்றன. எனவே கம்பி தொங்கும் இடத்திலேயே அளந்து நீளத்தைத் திருத்த வேண்டும். இதுவே டியூனிங் அல்லது ஒத்திசைத்தல் எனப்படுகிறது.

ஹாம் வானொலியின் வரலாற்றில் புதுச்சேரிக்குத் தனி இடம் உண்டு. 1954 வரை ஹாம் உலகம் இவ்வூரைத் தனி நாடாகவே கணக்கிட்டது. அந்தக் கணக்கிடும் வழக்கமே அரை நூற்றாண்டு கழித்து, ஆழிப்பேரலை நாளில் அந்தமானில் ஒரு ஹாம் குழு இருக்கக் காரணமாயிற்று.

தோற்றம்

டைபோலின் வரலாறு செருமானிய இயற்பியலாளர் ஐன்றிக் ஹெர்ட்ஸிடம் தொடங்குகிறது. 1886 முதல் 1888 வரை கார்ல்ஸ்ரூ நகரில் அவர் செய்த சோதனைகளில், நடுவில் சிறு இடைவெளி விட்ட இரு கம்பிகளையும் அவற்றின் முனைகளில் உலோகக் கோளங்களையும் பயன்படுத்தினார். இடைவெளியில் மின்பொறி தாவும்போது மின்காந்த அலை பிறந்தது. சற்றுத் தொலைவில் வைத்த கம்பி வளையத்தின் சிறு இடைவெளியிலும் மங்கலான பொறி தோன்றியது. மாக்ஸ்வெல் கணிதத்தால் சொன்ன அலை உண்மையில் உள்ளது என்பதற்கு இச்சோதனைகள் சான்றாயின.

வளையத்தின் அளவை மாற்றிப் பார்த்தபோது ஒரு குறிப்பிட்ட அளவில் மட்டும் பொறி வலுவாக இருப்பதை ஹெர்ட்ஸ் கண்டார். ஊஞ்சலை அதன் வீச்சுக்கு ஏற்பத் தள்ளினால் சிறு விசையே போதும். தாளம் தவறினால் எவ்வளவு தள்ளினாலும் பயனில்லை. மின்னலைக்கும் கம்பிக்கும் உள்ள தொடர்பும் இத்தகையதே. ஆகவே ஒத்திசைத்தல் பிற்காலத்தார் சேர்த்த நுட்பம் அன்று. முதல் சோதனையிலேயே அது இருந்தது.

அலை குறுகியது, கம்பியும் குறுகியது

மார்க்கோனி காலத்து வானொலி நெட்டலைகளை நம்பியது. பல நூறு மீட்டர் நீள அலைக்கு அரை அலைநீளக் கம்பி கட்ட வேண்டுமானால் ஊரின் ஒரு தெருவே வேண்டும். அதனால் உயர்ந்த கம்பங்களும், பூமியோடு இணைத்த நீண்ட கம்பிகளுமே அன்று வழக்கம். தனி மனிதர் ஒருவர் தம் வீட்டு மாடியில் டைபோல் கட்டுவது நடக்காத செயல்.

1912 இல் அமெரிக்கா இயற்றிய வானொலிச் சட்டம் தனியார் அன்பர்களை 200 மீட்டரும் அதற்குக் குறைந்ததுமான அலைநீளங்களுக்குத் தள்ளியது. அந்த அலைகள் தொலைதூரத்திற்குப் பயன்படா என்று அக்காலத்தில் பலர் கருதினர். தள்ளப்பட்ட இடத்திலேயே அன்பர்கள் சோதனை செய்தனர். 1923 நவம்பர் இறுதியில், பிரான்சின் நீஸ் நகரைச் சேர்ந்த லியோன் தெலுவா, அமெரிக்காவின் ஃபிரெட் ஷ்னெல் ஆகிய இரு அன்பர்களும் 110 மீட்டரை ஒட்டிய அலையில் அட்லாண்டிக் கடலுக்கு அப்பாலும் இப்பாலும் இருந்து உரையாடினர். அட்லாண்டிக்கைத் தாண்டி ஹாம் அன்பர்கள் நடத்திய முதல் இருவழித் தொடர்பு அது.

குறுகிய அலைகள் வளிமண்டலத்தின் மேலுள்ள அயனி அடுக்கில் பட்டுத் திரும்புவதால் வெகுதொலைவு செல்கின்றன என்பது இத்தகைய சோதனைகளால் உறுதியாயிற்று. அன்பர்கள் 80, 40, 20 மீட்டர் அலைகளுக்கு இறங்கினர். 40 மீட்டர் அலைக்கு டைபோலின் நீளம் 20 மீட்டர். 20 மீட்டர் அலைக்கு 10 மீட்டர் போதும். ஒரு நடுத்தர வீட்டின் மாடிக்குள் அடங்கும் அளவுக்கு ஆண்டெனா சுருங்கியது. டைபோல் சாமானியரின் கைக்கு வந்தது இவ்வாறுதான்.

சென்னையில் தொடக்கம்

இந்தியாவில் முதல் ஹாம் உரிமம் பெற்றவராக அறியப்படுபவர் கல்கத்தாவின் அமரேந்திர சந்திர குப்து. ஆண்டு 1921. அவரை அடுத்து முகுல் போஸ் உரிமம் பெற்றார்.

தமிழகத்தில் ஆர்வலர் முயற்சி ஒலிபரப்பாக மலர்ந்தது. இங்கிலாந்திலிருந்து திரும்பிய சி. வி. கிருஷ்ணசாமி செட்டி, தம்முடன் கொண்டுவந்த பாகங்களைக் கொண்டு ஒலிபரப்புக் கருவி அமைத்தார். அவரது முயற்சியால் 1924 மே 16 அன்று சென்னை மாகாண வானொலி மன்றம் தோன்றியது. அதே ஆண்டு ஜூலை 31 அன்று 40 வாட் ஆற்றலுடன் ஒலிபரப்பு தொடங்கியது. இசையும் உரைகளும் ஒலித்தன. பணத்தட்டுப்பாட்டால் 1927 இல் மன்றத்தின் ஒலிபரப்பு நின்றது. கருவி சென்னை மாநகராட்சிக்கு வழங்கப்பட்டது. மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 முதல் ஒலிபரப்பை நடத்தியது. 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கிய பின் அப்பணி அதனிடம் சென்றது.

ஒலிபரப்பு அரசின் பணியாக மாறிய பின், ஒருவரோடு ஒருவர் பேசும் ஹாம் வானொலி தனி வழியில் சென்றது. இந்தியாவின் அழைப்புக்குறி முன்னொட்டாக 'வி.யு.' 1929 இல் நடைமுறைக்கு வந்தது. 1930களின் நடுவில் நாடு முழுவதும் உரிமம் பெற்றோர் 50 பேருக்கும் குறைவு. அவர்களில் பெரும்பாலோர் ஆங்கிலேய அதிகாரிகள்.

போரும் தடையும்

1939 இல் இரண்டாம் உலகப்போர் தொடங்கியதும் பிரித்தானிய இந்திய அரசு ஹாம் உரிமங்களை நிறுத்தி, கருவிகளைக் காவல்துறையிடம் ஒப்படைக்க உத்தரவிட்டது. கருவியை ஒப்படைக்காத சிலருள் நரிமன் பிரின்டர் ஒருவர். 1942 இல் வெள்ளையனே வெளியேறு இயக்கத்தின்போது உஷா மேத்தா முதலானோர் பம்பாயில் நடத்திய காங்கிரஸ் வானொலியின் தொழில்நுட்பத்தோடு அவர் பெயர் இணைத்துப் பேசப்படுகிறது. அந்த நிலையம் இடம் மாறி மாறி இயங்கி, அதே ஆண்டு நவம்பரில் காவல்துறையிடம் சிக்கியது.

இந்நிகழ்ச்சி ஆண்டெனாவின் இயல்பு ஒன்றையும் காட்டுகிறது. கருவியை அலமாரியில் ஒளிக்கலாம். ஆண்டெனாவை ஒளிப்பது கடினம், அது வெளியில் உயரத்தில் இருந்தாக வேண்டும். அதிலிருந்து கிளம்பும் அலையைத் திசை காட்டும் கருவிகளால் பின்தொடரவும் முடியும்.

விடுதலைக்குப் பின், 1948 மே 15 அன்று மத்தியப் பிரதேசத்தின் மாவ் நகரிலிருந்த ராணுவ சமிக்ஞைப் பள்ளியில் இந்திய அமெச்சூர் வானொலிச் சங்கம் தோன்றியது.

பிரெஞ்சிந்தியாவின் அழைப்புக்குறி

ஹாம் நிலையம் ஒவ்வொன்றுக்கும் ஓர் அழைப்புக்குறி உண்டு. அதன் முதல் எழுத்துகள் நாட்டைக் குறிக்கும். இந்திய நிலையம் வி.யு. என்று தொடங்கும். பிரான்சுக்குரிய எழுத்து எஃப். பிரெஞ்சு ஆட்சிப் பகுதிகளுக்கு அதனோடு மற்றோர் எழுத்தும் எண்ணும் சேரும். அவ்வகையில் பிரெஞ்சிந்தியாவின் முன்னொட்டு எஃப்.என்.8.

அமெரிக்க ஹாம் சங்கமான ஏ.ஆர்.ஆர்.எல். 1937 முதல், நூறு நாடுகளோடு தொடர்பு கொண்டவர்களுக்கு டி.எக்ஸ்.சி.சி. என்ற விருதை வழங்குகிறது. இதற்கென வைத்துள்ள நாடுகளின் பட்டியல் அரசியல் வரைபடத்தோடு முழுதும் ஒத்துப்போவதில்லை. தாய்நாட்டிலிருந்து கடலால் வெகுதொலைவு பிரிந்த தீவுக் கூட்டமும், வேறு ஆட்சியின் கீழுள்ள சிறு பகுதியும் அதில் தனியாக எண்ணப்படும். புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் ஆகியவை ஒன்றுக்கொன்று நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் பிரெஞ்சிந்தியா என்ற ஒரே பெயரில் அடங்கின.

1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தனர். நவம்பர் 1 அன்று ஆட்சி இந்தியாவிடம் வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் நிறைவேறியது. ஆனால் டி.எக்ஸ்.சி.சி. பட்டியல் அதுவரை காத்திருக்கவில்லை. 1954 அக்டோபர் 31 வரை நடந்த தொடர்புகள் மட்டுமே பிரெஞ்சிந்தியக் கணக்கில் செல்லும் என்று வரையறுத்து, அப்பெயரை நீக்கப்பட்டவற்றின் வரிசைக்கு மாற்றியது. கோவா, டாமன், டையூ ஆகிய போர்ச்சுகீசியப் பகுதிகளுக்கு இதே நிலை 1961 டிசம்பருடன் வந்தது. சிக்கிமுக்கு 1975 இல் வந்தது.

இந்தியாவின் பகுதிகளில் இன்றும் அப்பட்டியலில் தனியாக எண்ணப்படுபவை இரண்டு. ஒன்று வி.யு.4 என்ற முன்னொட்டுடைய அந்தமான் நிக்கோபார் தீவுகள். மற்றொன்று வி.யு.7 என்ற முன்னொட்டுடைய இலட்சத்தீவு.

பெரிய மார்க்கெட்: நகர நடுவில் ஒரு கம்பி

புதுச்சேரியின் முதல் முதலமைச்சர் எதுவார் குபேரின் பெயரால் குபேர் அங்காடி எனப்படும் பெரிய மார்க்கெட், நேரு வீதிக்கும் ரங்கப்பிள்ளை வீதிக்கும் இடையில், காந்தி வீதியை ஒட்டி அமைந்துள்ளது. பிரெஞ்சுக் காலத்தில் நேரு வீதிக்குத் துய்ப்ளெக்ஸ் வீதி என்று பெயர். காய்கறி, மீன், பூ, மளிகை என எல்லாம் நெருங்கிய இந்த இடம், நகரத்தில் ஆண்டெனா கட்டுவோர் சந்திக்கும் சிக்கல்கள் அனைத்தையும் ஒருசேரக் காட்டக்கூடியது. ஒட்டி ஒட்டி நிற்கும் மாடிக் கட்டடங்கள், தகரக் கூரைகள், குறுக்கே ஓடும் மின்கம்பிகள், இரைச்சல் கிளப்பும் எல்.இ.டி. விளக்குகளும் சார்ஜர்களும், நடந்து செல்லும் தொலைவில் கடல் என்று பட்டியல் நீளும்.

டைபோல் தன் கம்பிக்குக் குறுக்கான இரு திசைகளில் வலுவாகவும், முனைகள் நோக்கும் திசையில் மெலிவாகவும் அலையை அனுப்பும். புதுச்சேரியின் வீதிகள் ஏறக்குறைய வடக்கு தெற்காகவும் கிழக்கு மேற்காகவும் செல்வதால் இதனை எளிதில் விளக்கலாம். காந்தி வீதிக்கு இணையாக, அதாவது வடக்கு தெற்காகக் கட்டிய கம்பி கிழக்கையும் மேற்கையும் நோக்கும். கிழக்கே ஏறத்தாழ அதே அட்சரேகையில் சுமார் 1,400 கிலோமீட்டர் தொலைவில் போர்ட் பிளேர் இருக்கிறது. மேற்கே சுமார் 470 கிலோமீட்டரில் மாஹே. நேரு வீதிக்கு இணையான கம்பி வடக்கையும் தெற்கையும் நோக்கும். பாரிஸ் நகரமோ வடமேற்கில் சுமார் 8,100 கிலோமீட்டர் தொலைவில் இருப்பதால், அதற்குக் கம்பியை வடகிழக்கு தென்மேற்காகக் கட்ட வேண்டும்.

இத்திசைக் கணக்கு உயரத்தையும் பொறுத்தது. மூன்று மாடிக் கட்டடத்தின் மேல், தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் கட்டிய கம்பி 14 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு அரை அலைநீள உயரத்தில் இருக்கிறது. அதனால் திசை வேறுபாடு தெளிவாகத் தெரியும். அதே உயரம் 7 மெகாஹெர்ட்ஸ் அலைக்குக் கால் அலைநீளமே. அப்போது ஆற்றலின் பெரும்பகுதி நேர் மேலே சென்று, அயனி அடுக்கில் பட்டு, குடை விரித்தாற்போல் சுற்றிலும் இறங்கும். எல்லாத் திசைகளிலும் சில நூறு கிலோமீட்டர் வரை ஏறக்குறைய ஒரே சீராகக் கேட்கும்.

தொலைதூரம் பேச விரும்புவோர் இதனைக் குறையாகக் கருதுவர். புதுச்சேரிக்கோ இதுவே பயன். காரைக்கால் தெற்கே சுமார் 110 கிலோமீட்டர், மாஹே மேற்கே 470, ஏனாம் வடகிழக்கே சுமார் 590. ஒன்றியப் பிரதேசத்தின் நான்கு துண்டுகளையும் பகல் வேளையில் இணைக்கக் கூடியது தாழக் கட்டிய ஒரு 7 மெகாஹெர்ட்ஸ் டைபோல்.

நீளத்தைச் சரிசெய்யும் முறை

வெற்றிடத்தில் அரை அலைநீளத்தை அறிய 150 ஐ மெகாஹெர்ட்ஸ் கணக்கிலான அதிர்வெண்ணால் வகுக்க வேண்டும். விடை மீட்டரில் கிடைக்கும். உண்மைக் கம்பியில் முனைகளின் விளைவால் நீளம் சுமார் 5 விழுக்காடு குறையும். ஆகவே 142.5 ஐ அதிர்வெண்ணால் வகுப்பது வழக்கம். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு 20.07 மீட்டர் வருகிறது. ஒவ்வொரு பக்கமும் சுமார் 10 மீட்டர்.

இந்த எண் தொடக்கப் புள்ளி மட்டுமே. பி.வி.சி. உறையிட்ட மின்கம்பியைப் பயன்படுத்தினால் சரியான நீளம் மேலும் சில விழுக்காடு குறையும். ஒரே கம்பத்தில் நடுவை உயர்த்தி, முனைகளைத் தாழ இறக்கிக் கட்டும் தலைகீழ் 'வி' வடிவத்திலும் நீளம் சற்றுக் குறையும். கீழே தகரக் கூரை இருந்தாலும் ஒத்திசைவு நகரும். எனவே முதலில் வேண்டியதைவிட 50, 60 சென்டிமீட்டர் கூடுதலாக வெட்டிக்கொள்வது நல்லது. கம்பியை வெட்டுவது எளிது, ஒட்டுப்போடுவது தொல்லை.

கேபிள் வழியே செல்லும் ஆற்றலில் ஆண்டெனா ஏற்காத பகுதி திரும்பி வரும். செல்லும் அலையும் திரும்பும் அலையும் கலந்து உண்டாகும் நிலைமையை எஸ்.டபிள்யூ.ஆர். எனப்படும் நிலையலை விகிதத்தால் அளப்பர். விகிதம் 1 என்றால் எதுவும் திரும்பவில்லை. 1.5 என்றால் 4 விழுக்காடும், 2 என்றால் 11 விழுக்காடும், 3 என்றால் 25 விழுக்காடும் திரும்புகிறது.

கம்பியை அது நிலையாக இருக்கப்போகும் உயரத்துக்கே ஏற்றிய பின், 7.000, 7.100, 7.200 மெகாஹெர்ட்ஸ் போன்ற மூன்று இடங்களில் குறைந்த ஆற்றலில் அளக்க வேண்டும். விகிதம் கீழ்ப்பக்கம் குறைவாகவும் மேலே போகப் போக உயர்ந்தும் இருந்தால் கம்பி நீளம் கூடியிருக்கிறது. எதிர்மாறாக இருந்தால் நீளம் போதவில்லை.

திருத்தும் அளவையும் கணக்கிடலாம். இருக்கும் நீளத்தை, விகிதம் மிகக் குறைந்த அதிர்வெண்ணால் பெருக்கி, வேண்டிய அதிர்வெண்ணால் வகுத்தால் புதிய நீளம் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, 20.70 மீட்டர் கம்பியில் விகிதம் 6.950 மெகாஹெர்ட்ஸில் மிகக் குறைவாக இருக்கிறது, வேண்டியது 7.100 என்று கொள்வோம். புதிய நீளம் 20.26 மீட்டர். குறைக்க வேண்டியது 44 சென்டிமீட்டர். ஒவ்வொரு முனையிலும் 22. இரு பக்கமும் சமமாகக் குறைக்க வேண்டும். உடனே வெட்டிவிடாமல், முனையை மடித்து அதே கம்பியின் மேல் நெருக்கமாக முறுக்கி வைத்து மீண்டும் அளந்து பார்ப்பர். சரி என்று தெரிந்த பிறகு வெட்டுவர்.

டைபோலின் நடுப்புள்ளி மின்தடுப்பு, தரையின் பாதிப்பு இல்லாத இடத்தில் சுமார் 73 ஓம். தரைக்கு மேல் உயரத்திற்கேற்ப இது கூடும், குறையும். கேபிளின் மதிப்போ பொதுவாக 50 ஓம். ஆகவே சரியாக ஒத்திசைந்த கம்பியிலும் விகிதம் 1.3 அல்லது 1.5 இல் நிற்கலாம். அதைத் துல்லியமாக 1 ஆக்கப் பாடுபடத் தேவையில்லை. விகிதம் 1 என்பதே நல்ல ஆண்டெனாவுக்குச் சான்றும் ஆகாது. சோதனைக்கெனப் பயன்படுத்தும் 50 ஓம் மின்தடையும் 1 என்றே காட்டும், ஆனால் ஆற்றல் முழுவதும் வெப்பமாகிப் போகும். உப்புக் காற்றில் செம்பு பச்சை பூத்து, கேபிளுக்குள் ஈரம் இறங்கினாலும் இதே போன்ற ஏமாற்று அளவு வரக்கூடும். கடலோர ஊர்களில் நடு இணைப்பைப் பற்றவைத்து, நீர் புகாமல் மூடி, ஆண்டுக்கு ஒருமுறை இறக்கிப் பார்ப்பது இதனால்தான்.

கேபிளின் வெளியுறையிலும் மின்னோட்டம் வழிந்தால் அளவு நம்பத்தக்கதாக இராது. நடு இணைப்புக்குக் கீழே கேபிளையே சில சுற்றுகள் சுருளாகச் சுற்றிக் கட்டுவது இதனைக் குறைக்கும். பாதுகாப்பு நெறி ஒன்று எல்லாவற்றுக்கும் முன்னே நிற்கிறது: மின்வாரியக் கம்பிக்கு மேலாகவோ, அறுந்தால் அதன்மேல் விழும் தொலைவிலோ ஆண்டெனாவைக் கட்டக்கூடாது. ஒலிபரப்பும்போது கம்பியின் முனைகளில் மின்னழுத்தம் மிகுதியாக இருப்பதால் அவை கைக்கு எட்டும் உயரத்திலும் இருக்கக்கூடாது.

அளவுக் கருவிகள்

தொடக்க காலத்தவரிடம் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் இல்லை. கம்பிக்குச் செல்லும் மின்னோட்டத்தைச் சிறு பல்பின் ஒளியாலோ, வெப்பத்தால் இயங்கும் அம்மீட்டராலோ மதிப்பிட்டனர். பல்பு மிகப் பிரகாசமாக எரியும் நிலையே ஒத்திசைவு என்று கொண்டனர். இரண்டாம் உலகப்போருக்குப் பின் ராணுவ உபரிச் சரக்காகக் கோஆக்சியல் கேபிள் சந்தைக்கு வந்தது. அதன்பின் டைபோலின் நடுவில் நேராக இணைப்பது பரவலாயிற்று. 1956 இல் அமெரிக்க ஹாம் இதழான கியூ.எஸ்.டி., வீட்டிலேயே செய்யத்தக்க மோனிமேட்ச் என்ற எளிய அளவியை வெளியிட்டது. 2019 முதல் உள்ளங்கை அளவுள்ள நானோ வி.என்.ஏ. மலிவாகக் கிடைக்கிறது. அது அதிர்வெண் வரிசை முழுவதற்குமான வளைகோட்டை ஒரே திரையில் காட்டுகிறது. கருவி மாறினாலும், முனையில் நின்று கம்பியை மடிக்கும் வேலை மாறவில்லை.

2004 டிசம்பர்

அந்தமான் நிக்கோபார் தீவுகள் டி.எக்ஸ்.சி.சி. பட்டியலில் தனியாக எண்ணப்படுபவை. ஆனால் 1987 க்குப் பின் பல ஆண்டுகள் அங்கிருந்து ஹாம் ஒலிபரப்பு நடக்கவில்லை. ஆகவே உலகெங்கும் உள்ள அன்பர்கள் அந்தத் தீவுகளிலிருந்து வரும் ஒரு குரலுக்காகக் காத்திருந்தனர். ஹைதராபாத்திலுள்ள தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனம் அரசின் அனுமதி பெற்று, பாரதி பிரசாத் தலைமையில் ஒரு குழுவை போர்ட் பிளேருக்கு அனுப்பியது. 2004 டிசம்பர் தொடக்கத்தில் ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று.

டிசம்பர் 26 அன்று காலை இந்திய நேரம் 6.29 க்குச் சுமத்திராவை அடுத்த கடலடியில் 9.1 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. ஆழிப்பேரலை தீவுகளையும், பின்னர் தமிழகம், புதுச்சேரி, காரைக்கால், இலங்கைக் கரைகளையும் தாக்கியது. தீவுகளின் தொலைபேசித் தொடர்புகள் குலைந்தன. நாடுகளைக் கணக்கிடும் பொழுதுபோக்குக்காக வந்த நிலையம் அன்றே பேரிடர் நிலையமாயிற்று. நலம் விசாரிப்புகளும் உதவிக் கோரிக்கைகளும் அதன் வழியாக நிலப்பகுதிக்குச் சென்றன. பின்னர் கார் நிக்கோபாரிலும் ஹாம் அன்பர்கள் பணியாற்றினர். இலங்கையிலும் அந்நாட்டு வானொலிச் சங்கத்தினர் சிற்றலைக் கருவிகளைக் கொண்டு பாதிக்கப்பட்ட தென்கரையைக் கொழும்போடு இணைத்தனர்.

இதில் கருதத்தக்க தற்செயல் ஒன்று உண்டு. 1954 இல் புதுச்சேரி பட்டியலிலிருந்து நீங்கியது போல் அந்தமானும் நீங்கியிருந்தால், அந்த டிசம்பரில் ஒரு குழு கருவிகளோடு அங்கே இருந்திருக்கக் காரணம் இருந்திராது.

இன்றைய பொருத்தம்

2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தது. மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்தன. பல இடங்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்து பெருமழை பெய்வித்தது. செல்பேசிக் கோபுரங்கள் மின்சாரத்தையும் இணைப்புக் கேபிள்களையும் நம்பி இருப்பவை. அவை நின்றால், ஒரு 12 வோல்ட் கார் பேட்டரி, 100 வாட் சிற்றலைக் கருவி, 20 மீட்டர் கம்பி, நைலான் கயிறு ஆகியவை கொண்டு உரிமம் பெற்ற ஒருவர் தொடர்பை மீட்க முடியும்.

புயலில் கட்டிவைத்த ஆண்டெனாவும் அறுந்திருக்கலாம். புதிதாகக் கட்டும் இடம் பள்ளி மாடியாகவோ, நிவாரண முகாமின் மரக்கிளையாகவோ இருக்கலாம். பழைய இடத்துக்குப் பொருந்திய நீளம் புதிய இடத்துக்குப் பொருந்தாது. அங்கே வேண்டுவது சூத்திரத்தை மனப்பாடம் செய்தவர் அன்று, இடத்துக்கேற்ப முனையை மடித்துத் திருத்திப் பழகியவர்.

இந்தியாவில் 12 வயது நிரம்பிய எவரும் நடுவண் தகவல் தொடர்பு அமைச்சகத்தின் கீழ் நடக்கும் தேர்வை எழுதி ஹாம் உரிமம் பெறலாம். அதன்பின் முதலில் கட்டத்தக்க ஆண்டெனா டைபோலே. கிடைக்கும் மாடியில், கிடைக்கும் உயரத்தில் கட்டி, மூன்று இடங்களில் அளந்து, இரு முனைகளையும் சமமாகத் திருத்தினால் நிலையம் ஆயத்தமாகிவிடும்.